ஏரிக்கரையில் ஊன்றிய முக்காலி

அவர் பெயரை நான் கேட்டதில்லை. எழுபதுகளில் மாலை ரயிலில் வந்திறங்கி, எங்கள் ஏரிக்கரையின் ஊர்ப்பக்கச் சரிவில் தொலைநோக்கி வைத்து நிலா பார்ப்பார். ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். தொலைநோக்கியைத் தாங்க, மடக்கு முக்காலியின் தலையில் தண்ணீர்க் குழாயை வளைத்து இணைக்கும் எல்போ இரண்டைத் திருகி, எந்தப் பக்கமும் திரும்புகிற மாதிரி அவரே செய்திருந்தார். ஊன்றியதும் மூன்று கால்களையும் தட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் வானம்.

அந்த ஐப்பசியில் ஏரி தளும்பியது. மழை விட்ட ஒரு மாலை, கம்பெனியிலிருந்து சைக்கிளில் வந்த நான் இறங்கி நின்றேன். முக்காலியின் ஒரு கால் மண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது. நிமிர்த்த நிமிர்த்த இறங்கியது.

"இன்னா சார், எல்போ லூஸா?" என்றேன்.

"அது கெட்டியாத்தான் இருக்குதுப்பா. கரைதான் எறங்கினு இருக்குது. கீழ ஊட்ல இருக்கறவங்கள மேட்டுக்குப் போவச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். ஊர் திரண்டு வந்து அவர்மேல் பாய்ந்தது.

"தெனம் மூணு கால நட்டு நட்டு கரைய ஓட்ட போட்டுட்டு, எங்கள ஊட்ட உட்டுப் போவச் சொல்றியா?" என்று ஒருவர் முக்காலியைப் பிடுங்கி எறிந்தார்.

தொலைநோக்கிக்காரர் சேற்றைத் துடைத்து, எல்லாவற்றையும் சாக்கில் கட்டினார். ரயிலடிக்கு எப்போதும் பள்ளத்து வழியாகத்தான் போவார். அன்று மேட்டுச் சாலையில் சுற்றிக்கொண்டு போனார்.

திரும்பிப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முக்காலியைப் பிடுங்கிய குழியை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏரித் தண்ணீர் கரைமண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக ஊறிக்கொண்டிருந்தது.