சகலை செய்த வெல்லக்கறி

என் சகலை மின்சார ஓவனிலிருந்து தட்டை வெளியே எடுக்கும்போது வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மெல்லிய பன்றிக்கறித் துண்டுகளின் மேல் வெல்லம் உருகிப் படிந்து கண்ணாடி மாதிரி மின்னும், மிளகு வாசம் மூக்கில் ஏறும். பன்றிக்கறி என்றால் வாசலோடு நிறுத்திய என் மாமியாரே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். நான் கதவோரம் நின்று அந்த முகங்களைப் பார்ப்பேன். பொங்கலுக்குப் பின் வரும் கரிநாளன்று நாகரசம்பட்டி மாமியார் வீட்டில் நடந்த எந்த விருந்தும் என் நினைவில் இப்படித்தான் இருக்கிறது.

அந்தக் கறி என் கறி. பேரிகைப் பக்கம் சில குடும்பங்கள் சேர்ந்து குத்தகைக்கு நடத்தும் கூட்டுப் பண்ணையில் நானும் ஒரு பங்கு. ஞாயிறு தோறும் போய் வேலை செய்வோம், விளைந்ததைப் பிரித்துக்கொள்வோம். நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். ஓசூர் கம்பெனியில் பெட்டி ஏற்றுகிற வேலை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. பண்ணையில் பேச வேண்டியதில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டதுமே பன்றிகள் வேலியோரம் வந்து நிற்கும். உலகத்தில் என்னை எதிர்பார்த்து நின்றவை அவை மட்டும்தான். வயிற்றுக்கறியை உப்பில் ஊறவைத்து, மாங்கட்டைப் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதும் நான்தான். சகலை ஓட்டலில் சமையல்காரர். நான் கொண்டுபோய்க் கொடுப்பதை வெட்டி, வெல்லத்தூளைத் தூவி, சூட்டில் வைப்பார். பேர் அவருக்குப் போகும்.

ஒருமுறை வீட்டில் யாரும் இல்லாதபோது தோசைக்கல்லில் நானே செய்து பார்த்தேன். கறி வேகும் முன்னே வெல்லம் கரிந்து கல்லோடு ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வந்த என் மனைவி கரண்டியால் அதைச் சுரண்டிக்கொண்டே, “அக்கா வூட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?” என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு பண்ணைக்கே ஆபத்து வந்தது. சில குடும்பங்கள் விலகிவிட, குத்தகையை முழுதாகக் கட்டாவிட்டால் பிளாட் போட்டு விற்றுவிடுவேன் என்றார் நிலத்துக்காரர். புதிதாக ஆள் சேர்க்க வேண்டும். எனக்கு யாரைக் கூப்பிடத் தெரியும்? சகலைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவனைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்கு வந்தார். ஓசூர் அபார்ட்மெண்ட் குடும்பங்களை வரவழைத்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேலி பேசியபடி வெல்லக்கறி பரிமாறினார். சாயங்காலத்துக்குள் வேண்டிய குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. பண்ணை பிழைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. எனக்கென்று இருந்த ஒரே இடமும் அவருடையதாகிவிட்டது.

அன்று அத்தனை பேர் நடுவிலும் அவர் என்னைக் கை காட்டினார். “நான் வெல்லந்தாங்க தூவினேன். இந்தப் பன்னிய வளத்து, உப்பு போட்டு, பொக காட்டினது எல்லாம் எங்க சகல.” எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தீவன வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டேன். திரும்பி வரும் வழியில் வண்டியின் பின்னால் இருந்து மனைவி சொன்னாள்: “எவ்ளோ பெரிய மனசு பாத்தீங்களா அவருக்கு.” என்னைப் புகழ்ந்த புகழும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது.

போன வருடம் அவர் வளைகுடா ஓட்டல் ஒன்றுக்கு வேலைக்குப் போனார். போகும்போது ஓவனைச் சுத்தமாகத் துடைத்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, எவ்வளவு சூட்டில் எப்படி வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இந்தக் கரிநாளுக்கு நான் செய்தேன். கரியவில்லை. “பெரிய மாப்ள செஞ்சா இன்னும் மொறுமொறுன்னு இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே மாமியார் இன்னொரு துண்டு எடுத்தார். என் மனைவி வீடியோவில் சகலையை அழைத்து, தட்டைக் காட்டினாள்.

இரண்டடுக்குக் கட்டில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் பன்றிக்கறி கண்ணிலேயே படாதாம். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். தாய்ப்பன்றி குட்டி போட்டதா, புதுக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக வருகிறார்களா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உங்களப் பாத்தா பொறாமையா இருக்குது சகல.”

என் மனைவி சிரித்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த நோவை என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் போனைக் கையில் வாங்கி முகத்தருகே பிடித்துக்கொண்டு, தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, அவருக்குச் சத்தம் கேட்கும்படி கடித்தேன்.