நாலு மூலைக்கும் ஒரே சத்தம்

புதுச்சத்திரத்திலிருந்து வந்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. எண்பதுகளில், சேலம் அஸ்தம்பட்டியில் ஆம்ப்ளிஃபயர் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தேன். வேட்டியெல்லாம் புழுதியாக வந்தவர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கடையின் நட்டநடுவில் கண்ணை மூடி நின்றார்.

இருப்பதிலேயே விலை கூடிய ஸ்டீரியோவைப் போட்டுக் காட்டினேன். இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். எல்லோரும் அங்கேதான் மயங்குவார்கள். அவரோ கண்ணைத் திறக்காமலே கழுத்தை வெடுக் வெடுக்கென்று இரு பக்கமும் திருப்பினார். "இது ஆவாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "இதைவிட ஒசத்தி சேலத்துலயே இல்லீங்க."

"ஒசத்திதானுங்க சாமி. ஆனா ஒரு பக்கமா டொம்முனு அடிச்சா, அத்தனையும் எதுத்த மூலைக்கு ஓடி, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, மூச்சடைச்சுச் செத்துப்போயிருமுங்க. நாலு மூலையிலயும் ஒரே மாதிரி, சன்னமா வரோணும்."

"வீட்டுல எத்தனை பேருங்க?" என்றேன், பயந்துபோய்.

"ரெண்டாயிரம் கோழிங்க. பாட்டுக் கேட்டே பழகிட்டா, ரோட்டுல லாரி டயர் வெடிச்சாலும் மிரளாதுங்க."

சாதாரண ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் நாலு ஸ்பீக்கரை இணைத்தேன். மறுபடி கண்ணை மூடி மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். முகம் மலர்ந்தது.

"வீட்டுக்கும் ஒண்ணு எடுத்துக்கலாமுங்களே?" என்றேன்.

"எங்களுக்கு எதுக்குங்க? நாங்க என்ன முட்டையா போடறோம்?"

அதன் பிறகு, எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் பாட்டைப் போடுமுன் ஒன்று விசாரித்துக்கொள்வேன்: "கேக்கப்போறது யாருங்க?"