விஜயலட்சுமி மாடி ஏறிய நாள்

சங்கராபுரம் கடைத்தெருவில் மூன்று தளமாக நிற்கிற அந்த ஜவுளிக்கடை விஜயலட்சுமியுடையது. கீழே வேட்டி, துண்டு. முதல் மாடியில் பிள்ளைகளுக்கான துணி. இரண்டாம் மாடி முழுக்கப் பட்டு. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து பக்கத்தில் இருந்து கட்டியவள் அவள்தான். ஆனால் மாடிகள் இரண்டையும் அவள் ஒருமுறைகூட ஏறிப் பார்த்ததில்லை.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இரண்டு கால்களையும் முடக்கிப் போட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை மாடியில் நடந்தபோது, நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். படிக்கட்டில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். இனி யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். வீட்டு வாசலில் ரவிக்கைத் துணி விற்றாள். அப்புறம் ஒரு சின்னக் கடை. அப்புறம் இந்தக் கட்டடம். குறுகலான மனை, லிஃப்ட் வைக்க இடம் அமையவில்லை.

கடை திறந்த அன்று மூத்த ஊழியர் செல்லமுத்து கெஞ்சிப் பார்த்தார். "ஒரு தடவ வந்து பாத்துடுங்கம்மா. நாங்க பதமா தூக்கிக்கினு போறோம்."

"நீ பாத்துச் சொல்லு, போதும்" என்றுவிட்டாள்.

அதன்பின் மாடி என்பது அவளுக்குச் செல்லமுத்து சொல்வதும் செல்போனில் எடுத்துக்காட்டும் படங்களும்தான்.

போன வருடம் ஏஞ்சலின் கடைக்கு வந்தாள். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற பெண். புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தாள்.

"அக்கா, இது சுத்திவர இருக்கறத எல்லாம் ஒரே நேரத்துல எடுத்துடும். வெளியூர்ல இருக்கறவங்க வூட்ல உக்காந்துக்கினே உங்க கடைக்குள்ள நடந்து பாக்கலாம். விர்ச்சுவல் டூர்னு சொல்லுவாங்க."

வியாபாரத்துக்கு நல்லது என்று மட்டும் நினைத்து விஜயலட்சுமி சம்மதித்தாள். கடை திறக்கும் முன்பு, ஒரு காலைப்பொழுதில், ஏஞ்சலின் தளம் தளமாகக் கேமராவை நிறுத்தி எடுத்து முடித்தாள். அடுத்த வாரம் கண்ணை முழுக்க மறைத்து மாட்டுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றோடு வந்தாள்.

"போன்லயும் பாக்கலாங்க்கா. ஆனா இத மாட்டிக்கினு பாருங்க."

மாட்டியதும் விஜயலட்சுமி கடை வாசலில் இருந்தாள். தலையைத் திருப்பினால் தெரு. இந்தப் பக்கம் அவளுடைய கல்லாப்பெட்டி.

"தரையில வெள்ளையா ஒரு வட்டம் தெரியுதா? அதையே பாருங்க. அங்க போயிடுவீங்க."

பார்த்தாள். படிக்கட்டின் அடியில் இருந்தாள். அடுத்த வட்டம் படியின் திருப்பத்தில். அவளுடைய கைகள் சக்கர நாற்காலியின் பிடியை இறுக்கின.

"பாப்பா, ஏறிக்கினு இருக்கேன்" என்றாள் ஏஞ்சலினிடம்.

முதல் மாடியில் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். அண்ணாந்தாள். "செல்லமுத்து, இன்னா இது? ஃபேன் பக்கத்துல தண்ணி கசிஞ்சிருக்குது. சொல்லவே இல்லியே!"

பக்கத்தில் நின்ற செல்லமுத்து தலையைச் சொறிந்தார். "கவலப்படுவீங்கன்னுதான்..."

அவள் காதில் அது விழவில்லை. பட்டு மாடிக்குப் போய்விட்டிருந்தாள். நாலு பக்கமும் கூரை உயரத்துக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம். சரக்கு வரும்போது ஒவ்வொரு சேலையையும் அவள் மடியில் வைத்துத்தான் பிரித்திருக்கிறாள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இப்படி ஒளிரும் என்று அவளுக்குத் தெரியாது. கை நீட்டினாள். விரல்கள் வெறும் காற்றைத் தடவின. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எவ்ளோ பெருசா இருக்குது! நானா கட்டினேன் இத?"

அவள் மெல்லப் பின்பக்கம் திரும்பினாள்.

"அந்த அலமாரிக்குப் பின்னாடி, சன்னல்ல நீலமா இன்னா அது?"

"மலைங்க்கா. கல்வராயன் மலை."

"என் கடையிலேர்ந்தா?"

சன்னலின் மேல்பாதியில் மட்டும் தெரிந்த அந்த மலைத்தொடரை, கழுத்தை மெல்ல அசைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெகுநேரம் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் வந்து காத்து நின்றார்கள். செல்லமுத்து சாடை காட்டி அவர்களை வேறு பக்கம் அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றியபோது அதன் ஓரத்துப் பஞ்சு நனைந்திருந்தது.

மறுநாளே அலமாரியை நகர்த்தச் சொன்னாள். இப்போது பெண்கள் முகூர்த்தச் சேலையைச் சன்னல் வெளிச்சத்தில் பிரித்து வைத்துத்தான் நிறம் பார்க்கிறார்கள். ஏஞ்சலினை மறுபடியும் வரவழைத்து எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வைத்தாள். முழங்கால் வலியோடு வருகிறவர்கள் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே போய் வருகிறார்கள். அவர்களும் கை நீட்டுகிறார்கள்.

போன ஆவணியில் மணலூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். டூரில் ஒரு பச்சைச் சேலையைப் பார்த்தாளாம், எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. போனை வாங்கச் செல்லமுத்து எழுந்து வந்தார். விஜயலட்சுமி அவரைக் கையமர்த்தினாள்.

"படி ஏறினதும் சோத்தாங்கை பக்கம், நிலைக்கண்ணாடிக்கு மேல மாட்டியிருக்குதே, அதாம்மா? இருக்குது, வாங்க."