பின்னால் போகாத அமெரிக்கக் கார்

அமெரிக்கக் கார் வாங்கப் போகிறோம் என்றதும் பாறசாலையில் எங்கள் சபைக்காரர்கள் கப்பல் மாதிரி ஒன்று வரும் என்று பார்த்திருந்தார்கள். வந்தது எங்கள் ஊர் ஒடுங்கின இடவழிக்குள் அடங்குகிற நீலக் கார். பேர்தான் அமெரிக்கா, பிறந்தது சென்னைப் பக்கம். எனக்குச் சம்பளம் கூடின வருடம் என் வீட்டுக்காரர் அடம்பிடித்து வாங்கினார். நான் நர்ஸ், அவர் சர்வே ஆபீஸில் வேலை. ஓட்டியது பெரும்பாலும் நான்தான்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கியர் குமிழுக்குக் கீழே ஒரு வளையம். அதை விரலால் தூக்கிப் பிடித்தால்தான் ரிவர்ஸ் விழும். இரவல் வாங்கிப் போனவன் ஒருத்தன் பாக்கியில்லாமல் எங்கேயாவது மாட்டிக்கொண்டு போன் செய்வான். "வளையத்தத் தூக்கு மக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று.

நான் ரிவர்ஸ் எடுத்தால் போதும், அவர் பின்னால் போய் நின்று டிக்கியில் தட்டிக்கொண்டு தொடங்கிவிடுவார்: "போரட்டே... போரட்டே... இன்னும் போரட்டே... மதி!" மலையாளத்தில் போரட்டே என்றால் வரட்டும், மதி என்றால் போதும்; அதைத்தான் தெருவே கேட்கும்படி கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணாடியில எனக்குத் தெரியாதாக்கும்? கொஞ்சம் வாய அடைச்சிட்டு நில்லுங்க!" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கர்த்தரே!

கம்பெனிக்காரன் அந்தக் காருக்கு ஒருமுறை முகத்தை மாற்றினான். பிறகு அதன் பேரைப் பிடுங்கி வேறொரு வண்டிக்குச் சூட்டினான். அப்புறம் அதை நிறுத்தினான். கடைசியில் இந்தியாவில் கார் செய்வதையே விட்டுவிட்டுப் போனான். பேப்பரில் படித்துவிட்டு அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை. "கார் ஓடுதில்லா, பின்னெ என்ன?" என்று நான் சிரித்தேன்.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. "ம்" மட்டும் மிச்சம். நெய்யாற்றின்கரைக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற அவர் கால் தூக்க வராது. இந்தக் காரின் சீட் அவர் இடுப்பு உயரம். உட்கார்ந்தால் போதும், காலை நான் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். கார் இல்லையென்றால் அவர் கட்டிலோடு சரி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கியர் லிவர் உள்ளே ஒடிந்து ரிவர்ஸ் விழாமல் போயிற்று. உதியன்குளங்கரை மெக்கானிக் கம்பி கட்டிப் பார்த்தார். ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"சிஸ்டரே, கம்பெனியே போயாச்சு. இந்த லிவர் செட்டு இனி எங்கயும் வராது."

"அமெரிக்காக்காரன் போனா போறான். எனக்க ரிவர்ஸையும் எடுத்துட்டா போனான்?"

முற்றத்தில் பத்து மூடு மரச்சீனிக் கிழங்குச் செடியைப் பிடுங்கி எறிந்து, கார் வட்டமடிக்க வழி உண்டாக்கினேன். ரிவர்ஸ் இல்லாமல் காரைப் படிக்கட்டோடு சேர்த்து நிறுத்த முடியாது. அவர் சேற்றில் இருபது அடி என் தோளைப் பிடித்து வரவேண்டும். போகிற இடமெல்லாம் பின்னால் போகாமல் திரும்ப வழி உண்டா என்று பார்த்தே போனேன். அப்படியும் கனால் கரையில் ஒரு ஜீப் எதிரே வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் இரண்டு வண்டி. நாலு பேர் இறங்கி எங்களைக் காரோடு பின்னால் தள்ளினார்கள். பக்கத்து சீட்டில் அவர் அழுதார். நான் பார்க்காத மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

"அம்மா, அத ஆக்ரிக்கடையில பழைய இரும்புக்குத் தூக்கிப் போடுங்க" என்றான் துபாயில் இருக்கும் மகன். போட்டுவிட்டு உன் அப்பாவை நீயா சுமப்பாய் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

மெக்கானிக்தான் விசாரித்துப் பிடித்தார். பொழியூரில் மீன்பிடிக்கிற ஒருவரிடம் இதே மாடல் நின்றது. போனேன். உப்புக்காற்று தின்று தரைத் தகடு உதிர்ந்து கிடந்தது.

"கடலு எனக்க முற்றத்தையும் எடுத்துட்டு, வண்டிக்க அடியையும் தின்னுட்டு" என்றார். பிறகு அவரே குனிந்து லிவரைக் கழற்றினார். "இது இனி ஓடாது சிஸ்டரே. இதுக்க கையாவது ஓடட்டு." வீட்டில் மிச்சமிருந்த மரச்சீனி முழுவதையும் பிடுங்கி அவருக்குக் கொடுத்தனுப்பினேன்.

மெக்கானிக் லிவரை மாட்டிக் கொடுத்த அன்று மாலை என் வீட்டுக்காரரை வாசல் சிட்அவுட்டில் தூணோடு சாய்த்து நிற்கவைத்தேன். வளையத்தைத் தூக்கினேன். ரிவர்ஸ் விழுந்தது. காரைப் படிக்கட்டை நோக்கி மெல்லப் பின்னால் விட்டேன்.

"போ... போர..."

யார் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் இடது கையைத் தூக்கி அசைக்கிறார்.

"போர... ட்டே."

அப்புறம் கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. கார் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் போய் இடித்தது. பின் லைட் சில்லுச் சில்லாகக் கொட்டியது. அந்த லைட்டும் இனி எங்கும் கிடைக்காது.

எல்லாம் கொட்டி முடிந்தபிறகு, மெதுவாக, "மதி" என்றார்.