மாமா கேட்ட அனுமதி

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் எழுதுகிறேன். கையெழுத்து மோசம். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்கு உறுதியில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது.

அறுபதுகளில் நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கடலூரில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் அவரை வேலைக்காக நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் தை மாதம் அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். முறைமாமன், ஆகவே பெண் பார்க்கும் பேச்சே இல்லை. அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

அந்த ஆபீஸ் மானேஜருக்குத் தமிழ் வராது, கேட்காமல் உள்ளே நுழைகிறவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார் என்று யாரோ மாமாவைப் பயமுறுத்தியிருந்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்காதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். இங்கிலீஷில் எதற்கும் முன்னால் ‘மே ஐ’ போட்டுக் கேட்க வேண்டுமாம். உள்ளே வர ‘மே ஐ கம் இன்’. உட்கார ‘மே ஐ சிட் டவுன்’. சம்மதம் என்றால் ‘எஸ், யூ மே’ என்பார்கள். கூடாது என்றால் ‘நோ, யூ மே நாட்’. எது சொன்னாலும் நாம் ‘தேங்க் யூ’ சொல்ல வேண்டும்.

நான்தான் மானேஜர். நெல் மூட்டைமேல் உட்கார்ந்து ‘எஸ், யூ மே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுவரை என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

மாமாவுக்கு அது தொற்றிக்கொண்டது. சாப்பிடும்போது அம்மாவிடம், “மே ஐ ஹேவ் குழம்பு?” என்றார்.

“டேய், தட்ட நீட்டுனா ஊத்தப்போறேன். இதுக்கு எதுக்குடா இவ்ளோ கும்புடு?”

“பழகிக்கணும்க்கா. அங்க போயி நாக்கு கொழறிடும்.”

“அங்கயும் போயி கொழம்பு கேட்டுடாத மச்சான்,” என்றார் அப்பா.

கடலூருக்குப் புறப்படும் முன்தினம் கடைசிப் பாடம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமா என்னை மூட்டையிலிருந்து இறங்கச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, “மே ஐ மேரி யூ?” என்றார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அந்த அர்த்தம், என் மகள் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

அக்கா கையிலிருந்த புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாடம் சொல்லும் அதே குரலில், “நோ, யூ மே நாட்,” என்றாள்.

“தேங்க் யூ,” என்றார் மாமா.

“இப்பதான்டா கடகடன்னு வருது. வேல கெடச்சமாதிரிதான்,” என்றாள் அம்மா.

வேலை கிடைத்தது. செய்தியோடு வந்த மாமா, கல்யாணம் வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா முறத்தைக் கீழே போட்டாள்.

“எம் பொண்ணுகிட்ட என்னடா கொறய கண்டுட்ட?”

“கொற ஒண்ணுமில்லக்கா. எனக்குப் புடிக்கல.”

“சம்பளம் வருதில்ல, மச்சானுக்குத் தல கனத்துப்போச்சு,” என்றார் அப்பா.

இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அம்மா சொன்னதற்கு மாமா தலையை ஆட்டினார். அவர் செருப்பை மாட்டும்போது அக்கா உள்ளேயிருந்து ஒரு செம்பு தண்ணீரோடு வந்தாள். மாமா அண்ணாந்து முழுவதையும் குடித்தார். அக்கா செம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். 

தன்னை வேண்டாம் என்று ஊரறியச் சொன்னவருக்கு இவள் எதற்குத் தண்ணீர் கொடுக்கிறாள், இவளுக்குக் கொஞ்சமும் ரோஷம் இல்லையே என்று நான் நினைத்தேன். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

மாசி மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை எழுதியது.