ஊர் பேரில் போன் கேட்கக் காரைக்கால் போனோம்

எங்கள் ஊரில் ஒரே ஒரு போன். அது அரிசி மில் முதலாளியுடையது. வெளியூரிலிருந்து யாருக்குச் சேதி வந்தாலும் அவர் ஆள் அனுப்பினால்தான் உண்டு. கார்த்திகையில் அத்தை மகளுக்குப் பிரசவம் சிக்கல் என்று மாயவரம் ஆஸ்பத்திரியிலிருந்து மில்லுக்குப் போன் வந்திருக்கிறது. அந்த வாரம்தான் அத்தை மில்லில் கூலி கூட்டிக் கேட்டிருந்தார். சேதி வரவில்லை. மூன்றாம் நாள் மருமகன் போட்ட கார்டு வந்துதான் தெரிந்தது. அத்தை போய் நின்றபோது மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம்.

அதனால்தான் எண்பத்தாறு மாசியில் ஒரு திங்கட்கிழமை நானும் அத்தையும் காரைக்காலுக்குக் கிளம்பினோம். பால் சங்க அறையில் ஊருக்குப் பொதுவாக ஒரு போன் வேண்டும் என்று நாற்பத்திரண்டு வீட்டார் கையெழுத்தும் ரேகையும் வைத்த மனு கையில் இருந்தது. வேறு ஊர்க்காரர்களும் இப்படிக் கிளம்பலாம் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

போலகம் பஸ் நிறுத்தம் வரை ஒன்றரை கிலோமீட்டர், நடைதான். 7.40 பஸ் 8.05க்கு வந்தது. அங்கிருந்து காரைக்கால் எட்டு கிலோமீட்டர், டிக்கெட் எண்பது பைசா. பின்பக்கம் உட்காராதீர்கள், மீன்கூடைத் தண்ணீர் காலை நனைத்துவிடும்.

அத்தையின் புதுச் சேலையைப் பார்த்து, "கல்யாணத்துக்காம்மா?" என்றார் கண்டக்டர்.

"போன் வாங்கப் போறோம்."

"அடேயப்பா! எனக்கும் ஒரு நம்பர் சொல்லிட்டுப் போங்க."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

8.35க்கு இறங்கியதும் ஒரு தப்புச் செய்தோம். எங்கள் பக்கத்தில் முத்திரை குத்துகிற எந்தக் காரியமானாலும் முதலில் மேரிக்குத்தான் போவார்கள். நகராட்சி அலுவலகத்துக்கு பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயர் அது. அங்கே ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, போன் டெல்லி சர்க்காருடையது, இங்கே ஒன்றும் ஆகாது என்றார்கள். நீங்கள் நேரே தொலைபேசி அலுவலகத்துக்கே போங்கள். பத்து நிமிட நடை. ரிக்‌ஷா இரண்டு ரூபாய் கேட்பார்கள், தேவையில்லை.

அங்கிருந்த குமாஸ்தா மனுவை இரண்டு முறை படித்தார்.

"யார் பேருக்கும்மா போன்?"

"ஊர் பேருக்குங்க" என்றார் அத்தை.

"ஊர் வந்து கையெழுத்துப் போடுமா? பொறுப்பா ஒரு ஆள் வேணும். காலைலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் இருக்கணும், சேதி எழுதி வைக்கணும். உங்க மில்காரரும் கேட்டிருக்காரு. அவர் எடத்துலயே பொதுப் போனையும் வச்சுக்குறாராம்."

அத்தை நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேர் மில்லில் வேலை, மீதிப் பேர் வெளியூரில்.

"நான் இருக்கேங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் மறுபடி சொன்னேன்.

"எத்தனாவது படிச்ச?"

"எட்டாவதோட நின்னுட்டேன்."

"எட்டாவது போதுமா?"

"மில்காரரு பத்தாவதுங்க. அவரு சேதியச் சொன்னாரா?" என்றேன்.

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, மேஜைமேல் இருந்த போனைக் காட்டிவிட்டு உள்ளே போனார். மணி அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எடுத்துக் காதில் வைத்தேன்.

"கேக்குதா?" என்றது குமாஸ்தாவின் குரல்.

தலையாட்டினேன்.

"கேக்குதாம்மா?"

இன்னும் வேகமாகத் தலையாட்டினேன்.

"தலையாட்டுனா அவருக்கு எப்புடித்தாண்டீ தெரியும்! வாயத் தொற!" என்று அத்தை கத்தினார்.

"கேக்குதுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்ன நான்கு வரியையும் எழுதினேன். அவர் வந்து வாசித்துப் பார்த்தார். படிவத்தில் இடம் என்பதில் பால் சங்கம் என்றும், பொறுப்பு என்பதில் என் பெயரையும் எழுதினார். மில்காரருடைய மனுவை எடுத்து அதற்கு அடியில் வைத்தார்.

12.20 பஸ்ஸில் திரும்பினோம். கம்பி இழுக்க ஆறு மாதமாவது ஆகுமாம். அதற்குள் மில்காரர் சும்மா இருக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வீடும் சும்மா இருக்கப்போவதில்லை.

நீங்கள் போவதானால் திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம். மனுவுக்கு நகல் எடுத்து, அதில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த பெண் ஒருத்தியைக் கூட்டிப்போங்கள், பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

போன் வந்தபிறகு மில் வீட்டு ஆட்களும் வந்து பேசலாம், வரிசையில் நின்று. அவர்களுக்கு ஒரு சேதி வந்தால் அதையும் நான் எழுதிக்கொண்டு ஓடுவேன். வாசலில் நின்று உரக்கச் சொல்வேன்.