ஸ்கூல் வாசலில் அரிவாள்மனை

இன்று காலை அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தால், அரிவாள்மனையைக் காணோம். தேடும்போதே மகளின் ஸ்கூலிலிருந்து போன்: "கொஞ்சம் உடனே வாங்க."

போட்டது போட்டபடி ஓடினேன். ஸ்கூல் வாசலில், போலீஸ் பறிமுதல் செய்ததுபோல் வரிசையாக அரிவாள்மனைகள். சுற்றிலும் என்னைப்போல் அம்மாக்கள்.

சயின்ஸ் மிஸ்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "எளிய இயந்திரங்கள் பாடங்க. ஆப்புக்கு, அதான் கூரா இருந்து பிளக்கற சாமானுக்கு, உதாரணம் ஒண்ணு வீட்லேருந்து எடுத்துட்டு வாங்கன்னேன். ஆணி, குண்டூசி வரும்னு நெனச்சேங்க."

மகள் குறுக்கே வந்தாள். "நம்மளுது எதையுமே வெட்டாதுன்னு வாட்ச்மேன் அங்கிள்கிட்ட சொன்னேம்மா. அவரு நம்பல."

அத்தனை பேர் முன்னால் மானம் போனது. கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அவரைக்காய் சரக் சரக்கென்று அறுபட்டது. அப்போதுதான் புரிந்தது, இது எங்களுடையது இல்லை.

ஸ்ரீரங்கத்தில் இன்று யார் வீட்டு அரிவாள்மனையாவது திடீரென மழுங்கியிருந்தால், மன்னியுங்கள். திருப்பித் தரும் எண்ணம் இல்லை.